காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றால்: பழைய மின்பொருள் விற்பவர்களின் கேள்விகள்

பயன்படுத்திய கைத்தொலைபேசி, மடிக்கணினி, கேமரா போன்றவற்றை இணையத்தில் விற்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

கேள்வி: என் ஐஃபோன் 12-ஐ 260 வெள்ளிக்கு விற்றேன். விளம்பரத்தில் ‘நல்ல நிலையில் உள்ளது, திருப்பி எடுக்க மாட்டேன்’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். மூன்று நாள் கழித்து, ‘சார்ஜ் நிற்கவே இல்லை, காசைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று செய்தி மேல் செய்தி வருகிறது. நான் கொடுத்தாக வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: ‘திருப்பி எடுக்க மாட்டேன்’ என்ற வரி பாதி வேலைதான் செய்யும். வாங்கியவர் மனம் மாறினார், வேறிடத்தில் மலிவாகக் கண்டார் என்றால் அந்த வரி உங்களைக் காக்கும். நீங்கள் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் காக்காது.

சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. அது தொழிலாக விற்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். பொருள், சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. வீட்டில் கிடந்த பழைய ஃபோனை ஒருமுறை விற்பவருக்கும் அது உண்டு. ஆகவே உங்கள் விளம்பரத்தில் என்ன எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. ‘நல்ல நிலை’ என்பது எதையும் தெளிவாகச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுப்பதுபோல் ஒலிக்கும் சொல். ‘பேட்டரி திறன் 84 விழுக்காடு, திரையின் இடது மூலையில் ஒரு கீறல், மற்றபடி எல்லாம் இயங்குகிறது’ என்று எழுதியிருந்தால் இன்று உங்களுக்குப் பதில் சொல்வது சுலபம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. புதிதாக அமைத்த ஃபோனில் முதல் சில நாள் பேட்டரி வேகமாகத்தான் இறங்கும். பழைய ஃபோனின் தரவு முழுவதும் இறங்கும், படங்கள் அலசப்படும், செயலிகள் புதுப்பிக்கப்படும். எல்லாம் பின்னணியில் ஓடும். ஆகவே வாக்குவாதத்துக்குப் போகாமல் அவரிடம் மூன்று ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஒன்று, செட்டிங்ஸில் ‘பேட்டரி ஹெல்த்’ பக்கம். இரண்டு, கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எவ்வளவு பேட்டரியைத் தின்றது என்ற பட்டியல். மூன்று, ‘ஜெனரல்’ என்பதற்குள் இருக்கும் ‘அபவுட்’ பக்கம். ஐஓஎஸ் 15.2 முதல் இந்த மாடலில் பேட்டரி, திரை, கேமரா ஆகியவற்றில் எது மாற்றப்பட்டிருந்தாலும் அந்தப் பக்கம் காட்டிக்கொடுக்கும். மாற்றிய பாகம் ஆப்பிளின் அசல் பாகமா, இல்லையா என்பதும் அதில் தெரியும்.

திறன் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, பட்டியலில் ஒரு காணொளிச் செயலிதான் பெரும்பங்கைத் தின்றிருக்கிறது என்றால் பொருளில் குறை இல்லை. இன்னும் நான்கைந்து நாள் பார்க்கச் சொல்லுங்கள். திறன் 80-க்குக் கீழே, நீங்களும் அதைச் சொல்லவில்லை என்றால் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விலையைப் பேசுங்கள். பேட்டரி மாற்றக் கடையில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கி அனுப்பச் சொல்லி, அதில் பாதியையோ முழுவதையுமோ ஏற்றுக்கொள்ளலாம். 260 வெள்ளிப் பொருளைத் திருப்பி வாங்கி மறுபடி விளம்பரம் போட்டு, இன்னொருவரைச் சந்தித்து விற்பதைவிட அது மலிவு. ‘அபவுட்’ பக்கத்தில் அசல் அல்லாத பேட்டரி என்று வந்து, நீங்கள் ‘எதையும் மாற்றவில்லை’ என்று எழுதியிருந்தீர்களானால் பேரம் பேசாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியை 620 வெள்ளிக்கு விற்றேன். ‘அடிக்கடி உறைந்து நிற்கிறது’ என்று திருப்பி அனுப்பினார். வெளியே பார்க்க நன்றாக இருந்ததால் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு திறந்து பார்த்தால் 8 ஜிபியும் 256 ஜிபியும்தான் இருக்கின்றன! இனி என்ன செய்வது?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பணம் போய்விட்டபடியால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. ஆனாலும் விட்டுவிட வேண்டாம். விற்பனைத் தளத்தில் அதே நாளில் புகார் செய்து, விளம்பரப் படங்கள், உரையாடல், இப்போது கணினி காட்டும் விவரப் பக்கம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பாகத்தைக் கழற்றி மாற்றியது ஏமாற்று. காவல்துறையில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். வாங்கியவரின் பெயரும் முகவரியும் இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே இன்னொரு பதிலில் சொல்லியிருக்கிறோம். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான் வரும்: அனுப்பும்போது உள்ளே இருந்தது இதுதான் என்பதற்கு என்ன சான்று?

அடுத்த முறை மடிக்கணினி விற்குமுன் கால் மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பதிவு செய்யுங்கள். பின்பக்கத்தில் அச்சிட்ட வரிசை எண்ணும், பயாஸ் திரையில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) வரும் வரிசை எண்ணும் ஒரே படத்தில் வருமாறு ஒரு படம். ‘டாஸ்க் மேனேஜர்’ செயல்திறன் பக்கத்தில் ராம் அளவும் எஸ்எஸ்டி வட்டின் மாடல் பெயரும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணும் மொத்த இயக்க நேரமும். விண்டோஸிலேயே உள்ள பேட்டரி அறிக்கையில் பேட்டரியின் தொடக்கக் கொள்ளளவு, இப்போதைய கொள்ளளவு, சார்ஜ் சுற்று எண்ணிக்கை. மேக் என்றால் ‘சிஸ்டம் ரிப்போர்ட்’டில் ‘பவர்’ பகுதியைத் திறந்தாலே சுற்று எண்ணிக்கை கிடைத்துவிடும்.

இவற்றில் மொத்த இயக்க நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அது ஏறுமே தவிர இறங்காது. நாளுக்கு 24 மணிக்கு மேல் ஏறவும் முடியாது. நீங்கள் அனுப்பும்போது 3,100 மணி நேரம் என்று காட்டிய வட்டு ஒரு வாரம் கழித்து 900 என்றோ 7,000 என்றோ காட்டினால் அது உங்கள் வட்டு இல்லை. பேட்டரியின் சுற்று எண்ணிக்கைக்கும் இதே கணக்கு. அளவு ஒன்றாக இருந்து மாடல் மட்டும் மட்டமானதாக மாற்றப்பட்டிருந்தாலும் இதில் அகப்பட்டுவிடும். 512-ஐ எடுத்துக்கொண்டு தேய்ந்த இன்னொரு 512-ஐப் போடுவதுதான் கெட்டிக்காரர்களின் வழி. வெறுமனே கொள்ளளவை மட்டும் பார்ப்பவர் அதில் ஏமாந்துபோவார்.

திருகாணி மேல் ஒட்டும் ‘பிரித்தால் கிழியும்’ முத்திரையையும் ஒட்டுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. அஞ்சுகிறவரை மட்டும் விரட்டும். சான்று என்று வரும்போது வரிசை எண்தான் பேசும்.

திரும்பி வந்த பொட்டலத்தைத் திறக்கும் வரிசை: அனுப்புநர் ஒட்டு தெரியும்படி காணொளியைத் தொடங்கி, நிறுத்தாமல் பெட்டியைப் பிரித்து, பொருளின் வரிசை எண்ணைக் காட்டி, இயக்கி, மேலே சொன்ன திரைகளையும் அதே காணொளியில் காட்டுங்கள். வெட்டி ஒட்டாத ஒரே காணொளியாக இருக்க வேண்டும். அதன்பிறகு அவர் சொன்ன குறையைச் சோதியுங்கள். ‘உறைந்து நிற்கிறது’ என்றால் ராம் சோதனையை ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் காணொளி ஓட்டிப் பார்ப்பது போதும். பணம் அதற்குப் பிறகுதான். ‘பொருள் கைக்கு வந்து, சோதித்த 24 மணி நேரத்துக்குள் பணம் வரும்’ என்று திருப்பி அனுப்பச் சொல்லும்போதே எழுதிவிட்டால், இடையில் வரும் நச்சரிப்பு குறையும்.

கேள்வி: ஈபே வழியாக ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்குப் பழைய லென்ஸ் ஒன்றை விற்றேன். வந்து சேர்ந்த இரண்டாம் நாள், ‘உள்ளே பூஞ்சை இருக்கிறது, வர்ணனைக்குப் பொருந்தவில்லை’ என்று ரிட்டர்ன் கேட்டிருக்கிறார். நான் ரிட்டர்ன் இல்லை என்று போட்டிருந்தேன். அனுப்பும்போது எனக்கு எதுவும் தெரியவில்லை.
– வாசகர், செங்காங்

பதில்: ஈபேயில் ‘ரிட்டர்ன் இல்லை’ என்பது மனம் மாறியவர்களுக்குத்தான். வர்ணனைக்குப் பொருந்தவில்லை என்று கேட்டால் அந்த அமைப்பு செல்லாது. பொருள் கிடைத்ததிலிருந்து 30 நாள் வரை வாங்கியவர் கேட்கலாம். உங்களுக்குப் பதில் சொல்ல 3 வேலைநாள். அதைக் கடத்தினால் அவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். அதன்பின் முடிவு உங்கள் கையில் இருக்காது. ரிட்டர்னை ஏற்றால் திரும்ப வரும் தபால் செலவு உங்களுடையது. பொருள் வந்த 2 வேலைநாளில் பணத்தைத் திருப்ப வேண்டும்.

இனி பூஞ்சை. இந்த ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சை வருவது சாதாரணம். ஆனால் அது இரண்டு நாளில், அதுவும் தபால் பெட்டிக்குள் முளைத்து வளர்வதில்லை. அவர் சொல்வது பூஞ்சைதான் என்றால், அது இங்கிருந்து போனது என்று எடுத்துக்கொள்வதே நியாயம். ஆகவே பார்க்க வேண்டியது, அது பூஞ்சையா தூசியா என்பதுதான். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துவாரம்) முழுவதும் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்த படம் கேளுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி. பழைய லென்ஸ் எதிலும் இருக்கும், படத்தின் தரத்தைப் பாதிக்காது. கிளை விட்ட நூல் மாதிரியோ சிலந்தி வலை மாதிரியோ படர்ந்திருந்தால் பூஞ்சை. பால் பூத்ததுபோல் கண்ணாடி முழுவதும் மங்கியிருந்தால் அது வேறு குறை, அதுவும் குறைதான். படத்தில் லென்ஸின் வரிசை எண் தெரிய வேண்டும்.

பூஞ்சை என்று உறுதியானால் பகுதித் தொகை ஒன்றைக் கொடுத்து அவரே வைத்துக்கொள்ளச் சொல்வதை முதலில் முன்வையுங்கள். அவர் மறுக்கலாம், மறுத்தால் திருப்பி எடுக்கத்தான் வேண்டும். அப்படித் திரும்பி வரும் பொட்டலத்தில் ‘விற்பனையாளருக்குத் திரும்பும் பொருள்’ என்று சுங்கத் தாளில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. உங்கள் சொந்தப் பொருளே திரும்பி வருகிறது என்று காட்ட, முதலில் அனுப்பிய தபால் ரசீது கையில் இருக்க வேண்டும்.

லென்ஸ் விற்பவர்கள் எல்லோரும் டார்ச் சோதனைப் படத்தை விளம்பரத்திலேயே போட்டுவிடலாம். உலர்பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பவர் அதையும் எழுதினால் கூடுதல் விலை கேட்கலாம்.

கேள்வி: பழுதான ஃபோன்களை வாங்கிச் சரிசெய்து மாதம் பத்துப் பன்னிரண்டு விற்கிறேன். கடை இல்லை, வீட்டிலிருந்துதான். ‘லெமன் சட்டம் உண்டு, ஆறு மாதம் நீங்கள்தான் பொறுப்பு’ என்கிறார் ஒருவர். தனிநபருக்கு அது இல்லை என்றுதானே கேள்விப்பட்டேன்?
– வாசகர், தேக்கா

பதில்: தனிநபருக்கு இல்லை என்பது சரி. நீங்கள் இந்த விஷயத்தில் தனிநபரா என்பதுதான் சந்தேகம். விற்பதற்காகவே வாங்கி, மாதந்தோறும் லாபத்துக்கு விற்பவரைத் தொழில் செய்பவர் என்றே பார்ப்பார்கள். கடையும் பெயர்ப்பலகையும் இல்லாதது பெரிய தற்காப்பு ஆகாது.

லெமன் சட்டம் என்பது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் விதிகள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இந்த விதிகள், தொழிலாக விற்பவரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். கொடுத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. உடனே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. முதலில் சரிசெய்து கொடுக்கவோ மாற்றிக் கொடுக்கவோ உங்களுக்கு வாய்ப்பு உண்டு. நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு அல்லது பணம் திருப்பல். பொருளின் வயதும் விலையும் கணக்கில் வரும். நான்கு வருடப் பழைய ஃபோனிடம் புது ஃபோனின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கும், வழக்கமான தேய்மானத்துக்கும், கீழே போட்டதற்கும் இது பொருந்தாது.

எனவே ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு சிறு தாள் கொடுங்கள்: ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய தனி அடையாள எண்), பேட்டரி திறன், எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள், அது அசலா இல்லையா, சிம் தட்டின் உள்ளே இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும் அடையாளம் வெள்ளையாக இருக்கிறதா சிவந்திருக்கிறதா. கடைசி விவரத்தைப் படத்தோடு கொடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சிவப்பாக வந்து சேரும் ஃபோனுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று காட்ட அதைவிட எளிய வழி கிடையாது. இந்தத் தாளைத் தயாரிப்பது அலுப்பாகத்தான் இருக்கும். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபின் பழைய செய்திகளைத் துழாவுவதைவிட அந்த அலுப்பு மேல்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆண்ட்ராய்டு ஃபோனை விற்றேன். ‘இணையம் வருகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை, பழுதான ஃபோனை விற்றுவிட்டீர்கள்’ என்கிறார். என்னிடம் இருந்தவரை வைஃபையில் மட்டுமே பயன்படுத்தினேன்.
– வாசகர், பொங்கோல்

பதில்: ஃபோன் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிங்கப்பூரில் 2017-இல் 2ஜியும் 2024-இல் 3ஜியும் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு ஃபோனில் வோல்ட்இ வசதி வேண்டும். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த சில ஃபோன்களில் அந்த வசதி இருந்தும் இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு ஒத்துப்போகாது. மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ‘வோல்ட்இ’ பொத்தான் இருக்கிறதா, அது போட்டிருக்கிறதா, மென்பொருள் புதுப்பிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும்.

எதைச் செய்தும் அழைப்பு போகவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அழைக்க முடியாத ஒன்றை ‘ஃபோன்’ என்று விற்றதாகத்தான் கணக்காகும். மறுபடி விற்கும்போது ‘வைஃபைக்கும் டேட்டாவுக்கும் மட்டும், இங்கு அழைப்பு போகாது’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். குழந்தைகளுக்கோ வீட்டுக் கேமராவுக்கோ அதை வாங்க ஆள் உண்டு.

கேள்வி: நேரில் சந்தித்துக் கொடுத்தால் ரிட்டர்ன் தொல்லை இருக்காது என்கிறார்கள். எம்ஆர்டி நிலையத்தில் சோதித்துப் பார்த்து வாங்கியவரே மறுநாள் ‘ஸ்பீக்கர் கரகரக்கிறது’ என்று திரும்பி வந்தால்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: டிக்கெட் வாயிலுக்கு இரு பக்கமும் நின்று இரண்டு நிமிடத்தில் கைமாற்றுவதைச் சோதனை என்று சொல்ல முடியாது. உட்கார இடமுள்ள, கொஞ்சம் அமைதியான இடமாகப் பாருங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளமோ உணவங்காடி நிலையமோ போதும். பவர்பேங்க்கும் கேபிளும் கொண்டுபோங்கள். அவருடைய சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு; அதில் காது ஸ்பீக்கரும் மைக்கும் தெரிந்துவிடும். ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தால் கீழ் ஸ்பீக்கரின் கரகரப்பு வெளியே வரும். முன், பின் கேமராக்கள், முகம் அல்லது விரல் அடையாளம், சார்ஜ் ஏறுகிறதா என்பது. சாம்சுங் ஃபோன் பலவற்றில் *#0*# என்று அழுத்தினால் திரை, ஸ்பீக்கர், அதிர்வு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சோதிக்கும் பட்டியலே வரும்.

பத்து நிமிடம் போதும். முடிந்ததும் பிரியுமுன் அதே உரையாடலில் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘ஐஎம்இஐ கடைசி நான்கு எண் இது. அழைப்பு, ஸ்பீக்கர், கேமரா, சார்ஜ் பார்த்துத் திருப்தியாக வாங்கிக்கொண்டீர்கள். சரிதானே?’ அவர் ‘சரி’ என்று அனுப்பட்டும். மறுநாள் ஸ்பீக்கர் புகார் வந்தால் அந்த ஒரு சொல் போதும். ஆனால் சந்திப்பில் கண்டுபிடிக்க முடியாத குறைகளுக்கு அது பதில் ஆகாது. பேட்டரி 40 விழுக்காட்டில் திடீரென அணைவது, அரைமணி விளையாடினால் சூடேறி நின்றுபோவது போன்றவற்றைக் காது கொடுத்துக் கேளுங்கள். மூன்று நாள் சோதனைக்காலம் கொடுப்பதாக விளம்பரத்திலேயே எழுதுபவர்கள் உண்டு. 300 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு அது நல்ல பழக்கம்.

கேள்வி: 450 வெள்ளிக்கு விற்ற கேம் கன்சோல் விவகாரத்தில், ‘டிரைபியூனலுக்குப் போகிறேன்’ என்று மிரட்டுகிறார். வக்கீல் வைக்க வேண்டுமா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: வேண்டாம், வைக்கவும் முடியாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் செலுத்தும் கட்டணம் 10 வெள்ளிதான். அதனால் அவர் சொல்வதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். இணையத்தில் மனு செய்யலாம், அங்கேயே இரு தரப்பும் தொகை பேசி முடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. முடியாவிட்டால் முதலில் கலந்தாலோசனை, பிறகு விசாரணை.

அறிவிப்பு வந்தால் போகாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. நீங்கள் இல்லாமலேயே உங்களுக்கு எதிராக உத்தரவு வரலாம். விளம்பரத்தின் முழுப் படம், உரையாடல் முதலிலிருந்து கடைசிவரை, பணம் வந்த பதிவு, வரிசை எண் படங்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள். விளம்பரத்தை நீக்கிவிடாதீர்கள். தமிழில் பேசிய உரையாடல் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். இவ்வளவையும் எடுத்து வைத்துப் பார்க்கும்போதே யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் பக்கம் இல்லை என்றால் 450-ஐக் கொடுத்து, கன்சோலைத் திரும்ப வாங்குங்கள்.

கேள்வி: திரும்பி வந்த ஐபேட், வாங்கியவரின் ஆப்பிள் கணக்கைக் கேட்கிறது. பணம் இன்னும் கொடுக்கவில்லை.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கொடுக்காதது நல்லது. பூட்டு நீங்கும்வரை அது உங்களுக்குப் பயன்படாது. கடவுச்சொல்லை உங்களுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்; அது தேவையும் இல்லை. அவர் இருந்த இடத்திலிருந்தே ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, தம் சாதனங்களின் பட்டியலில் அந்த ஐபேடைத் தேர்ந்து, அழித்து, பிறகு ‘கணக்கிலிருந்து நீக்கு’ என்பதைக் கொடுக்க வேண்டும். அழிப்பதோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அப்போது பூட்டு அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு என்றால் ஆலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றுவதற்கு முன்பே கூகல் கணக்கை அகற்றியிருக்க வேண்டும். உங்கள் கையில் வரவேற்புத் திரை கணக்கு எதுவும் கேட்காமல் கடைசிவரை போகிறதா என்று பார்த்தபின் பணம்.

கேள்வி: திருப்பித் தரும் பணத்தை, அவர் பணம் அனுப்பிய எண்ணுக்குப் பதிலாகத் ‘தம்பியின் பேநவ்’ எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: கூடாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திரும்ப வேண்டும். மோசடியில் சிக்கிய மூன்றாம் நபர் ஒருவரின் பணம் உங்கள் கணக்குக்கு வந்து, நீங்கள் அதை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்ததாகப் பிறகு தெரியவரலாம். அப்போது முடங்குவது உங்கள் வங்கிக் கணக்கு. ‘எனக்கு வந்த வழியிலேயே அனுப்புகிறேன்’ என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். கூடுதலாகப் பணம் வந்துவிட்டது, மிச்சத்தைத் திருப்புங்கள் என்றாலும் வங்கிச் செயலியில் பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகே பேச்சு. அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் சான்று ஆகாது. சந்தேகம் என்றால் ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 1799.

கேள்வி: விற்ற மடிக்கணினியின் பேட்டரி வீங்கி, டச்பேட் மேலெழும்பியிருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறார். தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லவா?
– வாசகர், ஹவ்காங்

பதில்: தபாலில் வேண்டவே வேண்டாம். வீங்கிய லித்தியம் பேட்டரி அழுத்தம் பட்டாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, டச்பேடை அமுக்கிப் பார்க்காமல், துணி காகிதம் இல்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் ஓரிரு நாளில் உருவாவது அரிது. விற்ற முதல் வாரத்திலேயே இது தெரிந்தால் உங்களிடமே தொடங்கியிருக்கும், பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்கு அருகில் உள்ள பழுதுபார்க்கும் கடையில் பேட்டரியைக் கழற்றி மாற்றச் சொல்லி ரசீதுப்படி பணம் கொடுப்பது இருவருக்கும் எளிது. அவருக்கு அது வேண்டாம் என்றால் பேட்டரி கழற்றிய மடிக்கணினியை நீங்களே நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.